கில்கென்னியில் கிளம்பிய கோடு

கெல்ஸ் சுவடியின் அலங்காரப் பக்கம் ஒன்றைப் பார்த்ததும் என் கண் சிக்குக் கோலத்துக்குத்தான் போனது. எங்கே தொடங்கியது, எங்கே முடிகிறது என்று பிடிகொடுக்காமல் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து வெளியேறும் அதே கோடு. கி.பி. 800ஐ ஒட்டிக் கன்றுத் தோலில் எழுதப்பட்ட விவிலியச் சுவடி அது. ஸ்காட்லாந்துக் கரையோரத்து அயோனா தீவு மடத்தில் அது தொடங்கப்பட்டிருக்கலாம் என்பது அறிஞர்களின் கருத்து. 806இல் வைக்கிங்குகள் அந்த மடத்தில் 68 பேரை வெட்டிச் சாய்த்தார்கள். எஞ்சிய துறவிகளில் பலர் அயர்லாந்தின் உட்பகுதியில் இருந்த கெல்ஸுக்கு வந்தார்கள். சுவடி இன்று டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் இருக்கிறது. அதை எழுதியது ஒரே கை அல்ல, குறைந்தது மூன்று பேர் என்கிறார்கள்.

ஆயிரத்து இருநூறு ஆண்டு கழித்து, அந்தக் கோட்டை அசைய வைத்துப் பார்க்கலாம் என்று சில இளைஞர்களுக்குத் தோன்றியது. டாம் மூர், நோரா டூமி, பால் யங் ஆகியோர் 1999இல் கில்கென்னியில் ‘கார்ட்டூன் சலூன்’ நிறுவனத்தைத் தொடங்கினார்கள். நோர் ஆற்றங்கரையில் ஒரு கோட்டை, பழைய கல் சந்துகள், இன்றைக்கும் முப்பதாயிரத்தைத் தாண்டாத மக்கள்தொகை: இவ்வளவுதான் கில்கென்னி. படம் எடுக்கிறவர்கள் தேடி வரும் ஊர் அல்ல.

இவர்கள் அனிமேஷன் படித்தது டப்ளினின் பாலிஃபெர்மாட் கல்லூரியில். டிஸ்னியிலிருந்து பிரிந்து வந்த டான் ப்ளூத் எண்பதுகளில் டப்ளினில் பெரிய ஸ்டூடியோ நடத்தினார். டைனோசர் குட்டிகளைப் பற்றிய ‘தி லேண்ட் பிஃபோர் டைம்’ (1988) அங்கே வரையப்பட்டதுதான். ஐரிஷ் பிள்ளைகள் பலர் அங்கே பென்சில் பிடித்துத் தொழில் கற்றார்கள். 1995இல் ஸ்டூடியோ மூடப்பட்டது. கை பழகிய கலைஞர்கள் இருந்தார்கள்; வரைய வேலை இல்லை. வெளியிலிருந்து வந்த முதலீடு கிளம்பும்போது கதையையும் கூடவே எடுத்துக்கொண்டு போய்விடும் என்பதை அந்தத் தலைமுறை கண்ணெதிரே பார்த்தது. கார்ட்டூன் சலூன் ஊர்க் கதையை இறுகப் பற்றியதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நான் நினைக்கிறேன்.

ஆனால் கதை கையில் இருந்தால் மட்டும் போதுமா? கையால் வரையும் முழுநீளப் படத்துக்கு ஐரிஷ் பணம் மட்டும் போதாது. கெல்ஸ் கதையை ‘தி சீக்ரெட் ஆஃப் கெல்ஸ்’ என்ற படமாக்க ஏறத்தாழ பத்து ஆண்டு ஆனது. இடையில் விளம்பரங்கள், சித்திர வேலைகள், ‘ஸ்கங்க் ஃபூ’ என்ற தொலைக்காட்சித் தொடர் என்று அடுப்பை அணையாமல் பார்த்துக்கொண்டார்கள். பிரான்சின் லே ஸார்மாத்தர் நிறுவனத்தைச் சேர்ந்த திதியே ப்ருனே கைகொடுத்த பிறகுதான் படம் நகர்ந்தது. ‘கிரிக்கு’, ‘தி டிரிப்லெட்ஸ் ஆஃப் பெல்வில்’ ஆகிய பிரெஞ்சுப் படங்களைத் தயாரித்தவர் அவர். பெல்ஜியத்தின் விவி ஃபிலிமும் சேர்ந்தது.

கூட்டுத் தயாரிப்பு என்றால் பலர் பணம் போட்டு ஒருவர் படம் எடுப்பது என்று நினைத்துக்கொள்கிறோம். ஐரோப்பாவில் பெரும்பாலும் அப்படி இல்லை. ஒரு நாட்டின் நிதியம் தரும் பணத்தில் பெரும்பகுதி அந்த நாட்டிலேயே செலவாக வேண்டும். ஆகவே பணம் எங்கிருந்து வருகிறதோ அங்கே வேலையும் போகும். ‘தி சீக்ரெட் ஆஃப் கெல்ஸ்’ துண்டு துண்டாகப் பிரிந்தது இப்படித்தான். வடிவமைப்பும் இயக்கமும் கில்கென்னியில் நிற்க, மற்ற வேலைகள் பிரான்சுக்கும் பெல்ஜியத்துக்கும் போயின. அசைவு வேலையில் ஒரு பங்கு ஹங்கேரிக்கும் பிரேசிலுக்கும் போனது. கதையின் நாயகனான ஒரே பையனை நான்கைந்து நாட்டுக் கைகள் வரைய வேண்டும், பார்ப்பவருக்கு அவன் ஒரே பையனாகத் தெரிய வேண்டும். முகம் இப்பக்கம் திரும்பினால் மூக்கு எப்படி, கை எத்தனை தலை நீளம் என்று சொல்லும் மாதிரித் தாள்கள்தான் இங்கே சட்டம்.

படத்தின் பாணி சிதறாமல் நின்றதற்குச் சுவடிதான் காரணம் என்று தோன்றுகிறது. இடைக்கால ஓவியர்கள் ஆழம் காட்ட முயலவில்லை. எல்லாம் தட்டையாக, ஒரே தளத்தில். படமும் அப்படியே வரையப்பட்டது. மடத்தலைவர் நெட்டுக்குத்தாக எழுந்த தூண் போல நிற்பார், காட்டுச் சிறுமி ஆஷ்லிங் வளைந்து ஓடும் வெள்ளைச் சுழி. வடிவம் இவ்வளவு கறாராக இருந்தால் வேறு ஊர்க்காரர் கையில் போனாலும் அது வழுக்கிப் போகாது. படத்துக்குள்ளேயே மடத்துச் சுவடிக் கூடத்தில் ஆப்பிரிக்கத் துறவி, சீனத் துறவி, இத்தாலியத் துறவி எல்லாம் சேர்ந்து உட்கார்ந்து வரைகிறார்கள். அந்தக் காட்சி வரும்போதெல்லாம் படத்தைத் தயாரித்த கூடங்கள் என் நினைவுக்கு வந்துவிடும்.

2009இல் படம் வெளியானது. நியூயார்க்கில் அப்போதுதான் முளைத்திருந்த ஜிகிட்ஸ் என்ற சின்ன விநியோக நிறுவனம் அதை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனது. 2010 ஆஸ்கார் பரிந்துரைப் பட்டியலில் ‘அப்’, ‘கோரலைன்’ போன்றவற்றோடு அதன் பெயரும் வந்தபோது ஹாலிவுட்டில் பலர் அதைக் கேள்விப்பட்டிருக்கக்கூட இல்லை.

பிறகு வந்த படங்களை வேகமாகச் சொல்லிவிடலாம். கடல்நாய் உருவெடுக்கும் செல்கிகளின் கதையான ‘சாங் ஆஃப் தி சீ’ (2014) அயர்லாந்து, பெல்ஜியம், டென்மார்க், பிரான்ஸ், லக்ஸம்பர்க் என்று ஐந்து நாடுகளின் கூட்டு. ‘தி பிரெட்வின்னர்’ (2017) தாலிபன் ஆட்சிக் காலத்துக் காபூலில் ஆண் வேடமிட்டுக் குடும்பத்தைக் காக்கும் பர்வானாவின் கதை. மூலநாவல் கனடா எழுத்தாளர் டெபோரா எல்லிஸுடையது. கனடா நிறுவனமும் கூட்டில் இருந்தது. நோரா டூமி இயக்கியது. அயர்லாந்தின் பழங்கதை எதுவும் இல்லாத அந்தப் படத்திலும் ஸ்டூடியோவின் கை தெரிந்தது எனக்குப் பெரிய நிம்மதி. இரண்டும் ஆஸ்கார் பரிந்துரை பெற்றன.

2020இல் ‘வுல்ஃப்வாக்கர்ஸ்’ வந்தது. லக்ஸம்பர்க்கின் மெலூசின் கூட்டாளி. பிரான்சிலிருந்து மறுபடி ப்ருனே, இம்முறை ஃபோலிவாரி என்ற நிறுவனத்தோடு. வெளியிட்டது ஆப்பிள். இதுவும் பரிந்துரை பெற்றது; ஸ்டூடியோவின் முதல் நான்கு முழுநீளப் படங்களும் அந்தப் பட்டியலை எட்டின, விருது மட்டும் கிடைக்கவில்லை.

இந்த நான்காம் படத்தின் களம் கில்கென்னியேதான். ஆண்டு 1650, ஊர் ஆங்கிலேயப் படையின் பிடியில். மதிலுக்குள்ளே உள்ள எல்லாம் மரக்கட்டை அச்சுப் படம் போல நேர்க்கோடும் கூர்மூலையுமாக இருக்கின்றன. மதிலுக்கு வெளியே காடு. அங்கே ஓநாய்களோடு திரியும் மேவ் என்ற சிறுமியைப் பாருங்கள். உருவத்தைக் கட்ட முதலில் இழுக்கும் வட்டங்களும் தடவல்களும் அவள் மீது அப்படியே இருக்கின்றன. வழக்கமாக அவற்றை அழித்துச் சுத்தக் கோடாக்கித்தான் அனுப்புவார்கள். ஊருக்குள் இருக்கும் இன்னொரு சிறுமி ராபினின் கோடு முதலில் சுத்தமாகத்தான் இருக்கிறது. காட்டுக்குள் போகப் போக அதுவும் முரடாகிறது. அவள் முகத்தில் பென்சில் தடங்கள் ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்குகின்றன.