புது லேப்டாப்பில் டேட்டா சயின்ஸ் கத்துக்கப் போறீங்களா? முதல்ல இதைச் செய்யுங்க!

டேட்டா சயின்ஸ் படிக்க லேப்டாப் வாங்கியதும், கண்ணில் பட்டதை எல்லாம் ஒரே இடத்தில் இன்ஸ்டால் செய்பவர்கள் அதிகம். சில வாரங்களில், நேற்று ஓடிய புரோகிராம் இன்று எரர் காட்டும். இதைத் தவிர்ப்பது எப்படி? பார்க்கலாம்.

எந்த பைத்தான்?

பைத்தான் இலவசம். ஆண்டுதோறும் அக்டோபரில் புது வெர்ஷன் வரும். வந்த சூட்டோடு அதை எடுக்க வேண்டாம். எல்லா லைப்ரரிகளும் அதற்குத் தயாராகக் கொஞ்ச காலம் ஆகும். அதற்கு முந்தைய வெர்ஷனே போதும். விண்டோஸில் இன்ஸ்டால் செய்யும்போது, 'பாத்'தில் சேர்க்கச் சொல்லும் கட்டத்தை டிக் பண்ண மறந்துடாதீங்க.

தனி என்விரான்மென்ட் ஏன்?

இதுதான் முக்கியம். ஒவ்வொரு புராஜெக்டுக்கும் தனி 'விர்ச்சுவல் என்விரான்மென்ட்' உருவாக்க வேண்டும். ஒரே வீட்டில் ஆளுக்கொரு அறை மாதிரி. ஒன்றில் செய்யும் மாற்றம் இன்னொன்றைப் பாதிக்காது.

2024 ஜூனில் நம்பை 2.0 வெளியானபோது, பழைய நம்பைக்காக உருவான பல லைப்ரரிகள் அதோடு ஒத்துப்போகவில்லை. தனி என்விரான்மென்ட் இருந்தால், பழைய புராஜெக்டைப் பழைய வெர்ஷனிலேயே விட்டுவிட்டு, புதியதை வேறு இடத்தில் முயற்சிக்கலாம். இதற்கான 'வென்வ்' வசதி பைத்தானுடனேயே வருகிறது.

என்னென்ன லைப்ரரிகள்?

* நம்பை: எண் கணக்குகளுக்கு
* பாண்டாஸ்: அட்டவணைத் தரவுகளுக்கு
* மேட்பிளாட்லிப்: வரைபடங்களுக்கு
* சைகிட்-லேர்ன்: மெஷின் லேர்னிங்குக்கு
* ஜூபிட்டர் நோட்புக்: கோடும் விடையும் ஒரே பக்கத்தில் பார்க்க

அனகோண்டா போடலாமா?

இவை எல்லாம் மொத்தமாக அதில் வரும். ஆனால் சில ஜிபி இடம் பிடிக்கும். தனிநபருக்கு இலவசம், 200 பேருக்கு மேல் பணியாற்றும் நிறுவனங்களுக்குக் கட்டணம் உண்டு. அதனால் ஆபீஸ் கம்ப்யூட்டரில் கேட்காமல் போடாதீங்க.

கிராஃபிக்ஸ் கார்டு வேணுமா?

ஆரம்பத்தில் தேவையில்லை. 8 ஜிபி ரேம் போதும். டீப் லேர்னிங் பழக, பிரவுசரிலேயே இயங்கும் கூகுள் கோலாபை இலவசமாகப் பயன்படுத்தலாம்.

கடைசியாக ஒன்று. புராஜெக்டில் உள்ள லைப்ரரிகளின் பெயர், வெர்ஷன் பட்டியலை 'ரிக்வயர்மென்ட்ஸ்' ஃபைலாகச் சேமித்து, கோடுடன் சேர்த்து வேறு இடத்திலும் ஒரு காப்பி வையுங்கள். நாளைக்கே லேப்டாப் பழுதானாலும், அதே லைப்ரரிகளைப் புது கம்ப்யூட்டரில் ஒரே கமாண்டில் திரும்பப் போட்டுவிடலாம்.