குப்பைக்குள் இருக்கும் கணக்கு: இடைக்கால டென்மார்க்கின் அன்றாட வாழ்வு

ஒரு காலத்து மக்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று அறிய நாம் முதலில் எழுத்தைத் தேடுகிறோம். ஆனால் இடைக்கால ஆவணங்கள் பல, அரசனுக்குச் சேரவேண்டிய பங்கையே பேசுகின்றன. 1241ஆம் ஆண்டின் யூலன்ட் சட்டம், உரியவர் இல்லாத பொன்னும் வெள்ளியும் அரசனுக்கே என்றது. எமது நயினாதீவில் உள்ள முதலாம் பராக்கிரமபாகுவின் 12ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டும் அப்படித்தான். யானை, குதிரை கொண்டுவரும் மரக்கலம் உடைந்தால் காற்பங்கு பண்டாரத்துக்கு. வணிகப் பொருள் கொண்டுவரும் கலம் உடைந்தால் பாதி. அந்தக் கலத்தில் வந்தவர்களின் வீட்டில் என்ன சமைத்தார்கள், எதை விலைக்கு வாங்கினார்கள் என்பதை அந்தக் கல் சொல்லவில்லை. அந்த வரவு செலவை மண்தான் வைத்திருக்கிறது.

யூலன்ட்டின் தென்மேற்கில் உள்ள றீபே, டென்மார்க்கின் மிகப் பழைய நகரம். கி.பி. 700ஐ அடுத்த ஆண்டுகளில் ஆற்றங்கரைச் சந்தையாகத் தொடங்கியது. டெனிஸ் வரலாற்று நூல்கள் இடைக்காலத்தை ஏறக்குறைய 1050இலிருந்து எண்ணுகின்றன. ஐரோப்பியப் பொதுக் கணக்கில் றீபேயின் தொடக்கமும் இடைக்காலத்துக்குள் அடங்கும். 1970களில் அங்கு அகழ்வுகள் தொடங்கின. 2017–2018இல் ஓகூஸ் பல்கலைக்கழகமும் தென்மேற்கு யூலன்ட் அருங்காட்சியகமும் சேர்ந்து பட்டறைத் தரைகளைப் படை படையாகத் தோண்டின.

கிடைத்தவை பெரும்பாலும் கழிவுகள்: கண்ணாடித் துணுக்குகள், மான்கொம்புச் சீவல்கள், உடைந்த வார்ப்பு அச்சுகள். ஆனால் அவை பலவற்றைச் சொல்கின்றன. மணி செய்த தொழிலாளர் பழைய மொசைக் கண்ணாடித் துண்டுகளில் பூசியிருந்த பொன்னை உரித்தெடுத்தார்கள். மீந்த கண்ணாடியைப் பொடித்து உருக்கி வெள்ளை மணிகள் செய்தார்கள். மூலப்பொருளில் எதையும் வீணாக்கவில்லை. மாவரைக்கும் திரிகைக் கற்கள் றைன் நதிப் பகுதியின் எரிமலைக் கல்லால் ஆனவை. சிறு வெள்ளிக் காசுகளும் கிடைத்தன.

சீப்புகளும் ஒரு செய்தி சொல்கின்றன. சிலவற்றின் கொம்பு பனிமானுடையது. அந்த மான் அன்றைய டென்மார்க்கில் இல்லை. கொம்பு நோர்வேயிலிருந்து வந்தது. இங்கிலாந்தின் லின்டிஸ்பார்ன் மடம் தாக்கப்பட்ட 793க்கு முந்திய படைகளிலேயே அது இருக்கிறது. வைக்கிங்குகள் என்றவுடன் எம் பிள்ளைகளுக்குக் கொள்ளைதான் நினைவுக்கு வரும். நீண்ட கடல்வழி வணிகம் அதற்கு முன்பே நடந்திருக்கிறது.

775ஆம் ஆண்டளவில் விண்வெளியிலிருந்து வந்த கதிர்வீச்சு, உலகெங்கும் காபன்-14 அளவைத் திடீரென உயர்த்தியது. அதை அடையாளமாக வைத்து 2022இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வொன்று, மத்திய கிழக்கு மணிகள் றீபேக்கு வந்த காலத்தை 790 என்று, பத்தாண்டு முன்பின்னாகக் கணித்தது. அந்த இறக்குமதி பெருகியபோது உள்ளூர் மணித் தொழில் சுருங்கியது. யூலன்ட்டின் தொழிற்சாலைகளில் வேலை செய்து, பின்னர் அவை வெளிநாடு போவதைக் கண்ட எம்மவர்க்கு இதை விளக்கத் தேவையில்லை.

ஓடென்சே நகரில் 2013–2014இல் நடந்த அகழ்வு 14ஆம் நூற்றாண்டு வீடுகளின் பின்புறத்துக்கே கொண்டுபோனது. சரக்கு ஏற்றவும் மீன் வைக்கவும் பயன்பட்ட மரப் பீப்பாக்களைப் பின்னர் நிலத்தில் புதைத்து மலசலகூடமாக்கியிருந்தார்கள். ஏறக்குறைய எழுநூறு ஆண்டுகள் கழித்தும் நாற்றம் போகவில்லை. உள்ளே இருந்த றாஸ்பெரி விதைகள் அவர்கள் உண்டதைக் காட்டின. பாசியும் துணித் துண்டுகளும் அவர்கள் எதனால் துடைத்தார்கள் என்பதைக் காட்டின.

யூலன்ட் சட்டத்தின் அந்த விதி இன்றும் 'டேனஃபே' என்ற பெயரில் நடைமுறையில் இருக்கிறது. தோட்டம் கொத்தும்போது பழைய காசோ நகையோ கிடைத்தால், அதை அருகிலுள்ள அருங்காட்சியகத்தில் ஒப்படைக்க வேண்டும். தேசிய அருங்காட்சியகம் அதை டேனஃபே என்று ஏற்றால், கண்டெடுத்தவருக்கு வெகுமதி உண்டு. உலோகங்காட்டி கொண்டு தேட நிலச் சொந்தக்காரரின் அனுமதி போதும். பாதுகாக்கப்பட்ட தொல்லிடங்களில் தேடக்கூடாது. கிடைத்த இடத்தைச் சரியாகக் குறித்துவையுங்கள். இடம் தெரியாத காசு, திகதி இல்லாத பற்றுச்சீட்டுப் போன்றது.

இது எமது ஊருக்கும் பொருந்தும். யாழ்ப்பாணத்து அல்லைப்பிட்டியில் 1977இல் சீனத்துச் சொங் காலப் பீங்கான் ஓடுகள் வெளிப்பட்டன. ஊர்காவற்றுறைக் கடலில் நடந்த வணிகத்துக்கு அந்த ஓடுகளே சாட்சி. எம்மில் பலர் காணி உறுதியும் கணக்குக் கொப்பியும் இல்லாமல் வந்தவர்கள். எழுத்தில் போனது எல்லாவற்றையும் மீட்க முடியாது. ஆனால் ஊரில் வீடு திருத்தவோ கிணறு இறைக்கவோ காசு அனுப்பும்போது, அத்திவாரம் வெட்டுபவரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்: ஓடும் மணியும் வந்தால் அள்ளிக் கொட்டாமல், ஆழத்தையும் இடத்தையும் குறித்து, படமெடுத்து, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கோ தொல்லியல் திணைக்களத்துக்கோ அறிவிக்கட்டும்.