அவசரகாலமும் தோட்ட லயங்களும்



கேமரன் மலைக்கு மாணவர்களைச் சுற்றுலா அழைத்துச் செல்கிறோம். 1885இல் நில அளவையாளர் வில்லியம் கேமரன் இம்மலைப் பகுதிக்கு வந்தார், 1929இல் ஜே. ஏ. ரஸல் போ தேயிலைத் தோட்டத்தை நிறுவினார் என்று சொல்லித் தருகிறோம். தேயிலை நட்டவர்களுள் தமிழர் பலர் என்பதையும் சிலர் சேர்த்துச் சொல்வர். அம்மலையில் மண் சரிந்தால் யாரை யார் பணத்தில் காப்பது என்ற கேள்விக்கும் ஒரு வரலாறு உண்டு.

அது 1948இல் பிறப்பிக்கப்பட்ட அவசரகாலத்தில் தொடங்குகிறது. கம்யூனிஸ்டுகளுக்கு உணவு கிடைக்காமல் தடுக்க, பிரிக்ஸ் திட்டத்தின்படி 1950 முதல் காட்டோரத்தில் வாழ்ந்த சுமார் 5 இலட்சம் பேர் புதுக்கிராமங்களில் குடியமர்த்தப்பட்டனர். பெரும்பாலோர் சீனர். அது கொடுமையான கட்டாயக் குடியேற்றம்; ஐயமில்லை. ஆயினும் அக்கிராமங்களுக்குச் சாலை, குடிநீர், பள்ளி எனச் சிறிதளவேனும் அரசுப் பணம் வந்தது. ஊருக்கென ஒரு குழுவும் அமைந்தது. கேமரன் மலையின் பெர்த்தாம் பள்ளத்தாக்கு, திரிங்காப் ஆகியவை அத்தகைய ஊர்களே. அதே காலத்தில் சுமார் 6 இலட்சம் தோட்ட, சுரங்க மக்கள் வேலையிடத்திலேயே வேலிக்குள் திரட்டப்பட்டனர். அச்செலவைப் பெரும்பாலும் முதலாளிகளே ஏற்றனர். வேலி ஒன்றுதான், பணப்பை வேறு.

1956இல் பெல்டா உருவானது. நிலமற்ற ஊரக மக்களுக்கு அரசே நிலமும் வீடும் கடனும் தந்தது. பெற்றவர்களுள் மிகப் பெரும்பாலோர் மலாய்க்காரர். தோட்டத் தமிழரோ, 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தோற்றுவித்த தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் தம் கூலியிலிருந்து பத்துப் பத்து வெள்ளியாகச் செலுத்தி, துண்டாடப்படவிருந்த தோட்டங்களை வாங்கினர். இதைப் பெருமையோடு பேசுகிறோம். பேச வேண்டியதுதான். ஆனால் ஒருவருக்கு அரசு தந்ததை மற்றொருவர் தம் கூலியில் வாங்க நேர்ந்தது ஏன் என்பதையும் மாணவர் கேட்கட்டும்.

"தோட்டம் தனியார் நிலம்" என்ற சொல்லே பின்னர் எல்லாவற்றிற்கும் விடையாயிற்று. 1990ஆம் ஆண்டின் சட்டம் தொழிலாளரின் குறைந்தபட்ச வீட்டு வசதியை முதலாளியின் கடமையாக்கியது. நல்ல சட்டமே. எனினும் ஊரக வளர்ச்சி நிதி தோட்ட வாயிலில் நின்றுவிடுவது நெடுங்கால வழக்கமாக இருந்தது. நம் தோட்டப் பள்ளிகள் பல, நிலம் அரசினுடையது அன்று என்பதால், பகுதி உதவி பெறும் பள்ளிகளானதும் அவ்வழக்கின் மற்றொரு முகம்.

அரசு நிதி பெற்ற ஊரையும் மலை விட்டுவைக்கவில்லை. 2013 அக்டோபர் 23 அதிகாலையில் சுல்தான் அபு பக்கார் அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டபோது, பெர்த்தாம் பள்ளத்தாக்கில் சேற்று வெள்ளம் புகுந்து உயிர்கள் மாண்டன. மேலே காடழித்த சரிவுகளின் மண் பல்லாண்டுகளாக அவ்வணையின் ஏரியில் படிந்திருந்தது. பாதிக்கப்பட்டவர்கள் நீதிமன்றம் வரை சென்றனர். அவர்களுக்கு வீடு இருந்தது, ஊர் இருந்தது. லயத்தில் வாழ்பவருக்கு வேலை போனால் வீடும் போகும். அவர் யாரிடம் முறையிடுவார்?

தேயிலை மலை வேறு நாட்டிலும் இதையே காட்டியது. 2020 ஆகஸ்டு 6 இரவு, கேரளத்தின் மூணாறு அருகே பெட்டிமுடியில் லயங்கள் மண்ணில் புதைந்து 70 பேர் மறைந்தனர். பெரும்பாலோர் தமிழர். மறுநாள் கரிப்பூரில் விமானம் விபத்துக்குள்ளானது. மாநில அரசு விமானப் பயணியின் குடும்பத்திற்கு 10 இலட்சம் ரூபாயும் தோட்டத் தொழிலாளியின் குடும்பத்திற்கு 5 இலட்சம் ரூபாயும் அறிவித்தது.

நம் நாட்டில் 2015 முதல் தேசியப் பேரிடர் நிர்வாக நிறுவனம் இயங்குகிறது. மாவட்டந்தோறும் பேரிடர் குழு உண்டு. பருவமழைக்கு முன் கூடும் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் இரண்டு கேள்விகளை எழுப்பலாம். அக்குழுவின் நிவாரண மையப் பட்டியலில் நம் தோட்டப் பள்ளி உள்ளதா? லயத்தின் பின்னுள்ள சரிவைப் பார்வையிடுவது தோட்ட நிர்வாகமா, அரசா? இன்று அதே லயங்களில் வங்காளதேச, நேப்பாளத் தொழிலாளரும் வாழ்கின்றனர். விடை அவர்களுக்கும் சேர்த்தே வேண்டும்.