விளையாட்டு மெஷினைத் திறந்து பார்த்த மாணவர்கள்

வீடியோ கேம் என்றாலே எமது வீடுகளில் முகம் சுளிப்போம். பிள்ளை படிக்கிறான் இல்லை, கண் கெட்டுப் போகுது, காசு கரையுது என்பதுதான் வழமையான பேச்சு. அந்தப் பேச்சில் நியாயமும் உண்டு. ஆனால் அதே மெஷினை விளையாடி முடித்துவிட்டு, "இது உள்ளுக்குள் எப்படி வேலை செய்கிறது?" என்று திறந்து பார்த்த மாணவர்களும் இருந்திருக்கிறார்கள். அவர்களின் கதையை இன்று பார்ப்போம். பதிவு கொஞ்சம் நீளம்தான். பொறுமையாக வாசியுங்கள், எமது பிள்ளைகளுக்கும் அவர்களை வளர்க்கும் எமக்கும் இதில் விஷயம் இருக்கிறது.

1977ஆம் ஆண்டு. ஐக்கிய அமெரிக்காவின் மசசூசெட்ஸ் மாநிலத்தில் எம்.ஐ.டி. என்ற புகழ்பெற்ற தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே படித்த டக் மக்ரே என்ற மாணவர் தனது விடுதியில் ஒரு பின்போல் மெஷினை வைத்தார். சாய்வான மேசையில் உருண்டு வரும் இரும்புக் குண்டு கீழே விழுந்துவிடாமல் தட்டித் தட்டி விளையாடும் மெஷின் அது. காசு போட்டால்தான் குண்டு வெளியே வரும். சக மாணவர்கள் போட்ட சில்லறை சேர்ந்தது. அந்தச் சில்லறையில் இன்னொரு மெஷின் வாங்கினார். கெவின் கரன் என்ற மாணவரும் கூட்டுச் சேர்ந்தார். இப்படியே ஒன்று இரண்டாகி, பல்கலைக்கழக விடுதிகளில் சுமார் 20 மெஷின்கள் ஆகின. பொழுதுபோக்கு தன் செலவைத் தானே பார்த்துக்கொண்டது.

1980இல் அடாரி கொம்பனி 'மிஸைல் கொமாண்ட்' என்ற விளையாட்டை வெளியிட்டது. வானத்திலிருந்து ஏவுகணைகள் விழும், கீழே ஆறு நகரங்கள் இருக்கும், அவற்றை நாம் காப்பாற்ற வேண்டும். மக்ரேயும் கரனும் இந்த மெஷின்களையும் வாங்கிப் போட்டார்கள். ஆரம்பத்தில் நல்ல வருமானம். சில மாதங்களில் அது விழத் தொடங்கியது.

காரணம் எளிது. இப்படியான மெஷினில் ஒரு ஆட்டத்துக்கு 25 சத நாணயம் ஒன்று. புதிதாக விளையாடுபவர் இரண்டு மூன்று நிமிடத்தில் தோற்று, அடுத்த நாணயத்தைப் போடுவார். கைதேர்ந்தவரோ ஒரே நாணயத்தில் நீண்ட நேரம் நிற்பார். மற்றவர்களுக்கு இடமில்லை, உண்டியலும் நிறையாது. புது மெஷின் வாங்குவதென்றால் ஆயிரக்கணக்கான டொலர் வேண்டும். மெஷின் வைத்திருந்த கடைக்காரர்கள் எல்லோருக்கும் அன்று இருந்த தலையிடி இது.

மாணவர்கள் வேறு வழியை யோசித்தார்கள். மெஷினின் பெட்டியும் திரையும் நன்றாகத்தான் இருக்கின்றன, பழகிப்போனது விளையாட்டு மட்டும்தான். அப்படியானால் விளையாட்டை மாற்றினால் போதுமே! ஆனால் அதன் நிரல் அடாரியிடம்தான் இருந்தது. இவர்களிடம் இருந்தது சிப்புகளில் பதிந்திருந்த எண்கள் மட்டும். அந்த எண்களை ஒவ்வொன்றாக வாசித்து, எது ஏவுகணையை நகர்த்துகிறது, எது புள்ளியைக் கூட்டுகிறது என்று கண்டுபிடித்தார்கள். சமைத்த கறியை ருசித்துப் பார்த்து அதில் என்னென்ன போட்டார்கள் என்று எழுதி எடுப்பது போன்ற வேலை. பிறகு தாங்களே ஒரு சிறிய போர்டைத் தயாரித்தார்கள். அதைப் பழைய மெஷினுக்குள் பொருத்தினால் விளையாட்டு கடினமாகும், நிறங்கள் மாறும், லேசர் கதிர் வீசும் பறக்கும் தட்டு ஒன்றும் புதிதாக வரும்.

இதற்கு 'சூப்பர் மிஸைல் அட்டாக்' என்று பெயர் வைத்து, 1981இல் தொழில்துறைச் சஞ்சிகைகளில் விளம்பரம் கொடுத்தார்கள். விலை 295 டொலர். சுமார் ஆயிரம் போர்டுகள் விற்றன. 'ஜெனரல் கொம்பியூட்டர்' என்ற பெயரில் கொம்பனியும் தொடங்கினார்கள். மக்ரேயும் கரனும் படிப்பை நடுவில் நிறுத்திவிட்டு இதில் முழுமையாக இறங்கினார்கள். ஆசிரியர்களான எமக்கு இந்த இடம் கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது. ஆனாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சிப்பை வாசிக்கும் அறிவு அவர்களுக்கு விளையாடியதால் வந்ததல்ல, உட்கார்ந்து படித்ததால் வந்தது.

அதே ஆண்டில் அடாரி வழக்குப் போட்டது. தமது பதிப்புரிமை மீறப்பட்டது என்றார்கள், 15 மில்லியன் டொலர் நட்டஈடு கேட்டார்கள். ஒரு பக்கம் உலகப் புகழ்பெற்ற கொம்பனி, மறுபக்கம் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த சில இளைஞர்கள்.

இரண்டு பக்கத்திலும் நியாயம் இருந்தது என்பதை நாம் ஒத்துக்கொள்ள வேண்டும். விளையாட்டை உருவாக்கியது அடாரி. அதில் அவர்களுக்கு ஹக்கு இருக்கிறது. அவர்களைக் கேட்காமல்தான் இந்த போர்ட் விற்பனைக்கு வந்தது. மறுபுறம், மெஷினைக் காசு கொடுத்து வாங்கிய கடைக்காரர் தன் சொந்த மெஷினுக்குள் ஒரு போர்டைப் பூட்டுவதில் என்ன தப்பு? அடாரியின் மெஷினை வாங்காமல் இந்த போர்டால் ஒரு பயனும் இல்லை. இவர்கள் யாருடைய மெஷினையும் நகல் எடுத்து விற்கவும் இல்லை. அன்றைய சட்டத்தில் இதற்குத் தெளிவான விடை இருக்கவில்லை.

மாணவர்கள் பயந்து கடையை மூடவில்லை. போர்ட் விற்ற காசில் சட்டத்தரணிகளை வைத்து வழக்காடினார்கள். 1981 ஒக்டோபரில் இரு தரப்பும் சமரசத்துக்கு வந்தன. அடாரி வழக்கைக் கைவிட்டது. அதோடு நிற்காமல், இந்த இளைஞர்களையே தமக்கு விளையாட்டுகள் செய்து தரும்படி கேட்டது. மாதம் 50,000 டொலர், இரண்டு வருடங்களுக்கு. வழக்குப் போட்டவரே வேலை கொடுத்தார்! சமரசத்தில் ஒரு நிபந்தனையும் இருந்தது. மூல விளையாட்டைச் செய்த கொம்பனியின் அனுமதி இல்லாமல் இனி இப்படியான போர்டுகளை விற்கக் கூடாது.

தான் செய்த விளையாட்டில் வெளியாள் கைவைக்க எந்தக் கொம்பனி அனுமதி கொடுக்கும்? அந்த நிபந்தனையோடு போர்ட் வியாபாரம் முடிந்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் இவர்கள் கையில் இன்னொரு போர்ட் இருந்தது. அது 'பேக்மேன்' விளையாட்டுக்காகச் செய்தது.

பேக்மேனை உருவாக்கியவர் ஜப்பானின் நம்கோ கொம்பனியில் வேலை செய்த டொரு இவட்டானி. அமெரிக்காவில் அதை மிட்வே என்ற கொம்பனி விற்றது. பேக்மேனிலும் அதே குறை இருந்தது. நான்கு பேய்களும் ஒரே ஒழுங்கில்தான் நகரும். அந்த ஒழுங்கை மனப்பாடம் செய்தவரைத் தோற்கடிக்க முடியாது. எந்தப் பக்கம் எப்போது திரும்ப வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கும் புத்தகங்கள்கூட வந்தன. மாணவர்கள் செய்த போர்ட் பேய்களின் ஓட்டத்தில் எதிர்பாராத் தன்மையைச் சேர்த்தது. ஒரேயொரு வழிச்சிக்கலுக்குப் பதிலாக நான்கைத் தந்தது. ஒரே இடத்தில் நின்ற பழங்களை நடமாட விட்டது. கதாநாயகனுக்குக் கால்கள் வைத்து 'கிரேஸி ஒட்டோ' என்று பெயரிட்டிருந்தார்கள்.

நிபந்தனைப்படி அனுமதி வேண்டும். ஆகவே மிட்வேயோடு பேசி, சிக்காகோவுக்குப் போய், தாங்கள் செய்ததைக் காட்டினார்கள். பேக்மேனுக்கு அடுத்ததாக எதை விற்பது என்று காத்துக்கொண்டிருந்த மிட்வே அதைப் பார்த்ததும் விடவில்லை. போர்டாக விற்க வேண்டாம், முழு மெஷினாகவே விற்போம் என்றார்கள். கால்கள் எடுக்கப்பட்டன, கதாநாயகன் கதாநாயகியானாள், தலையில் ஒரு சிவப்பு ரிபன் ஏறியது. 1982இன் தொடக்கத்தில் 'மிஸ் பேக்மேன்' வெளியானது. ஒரு இலட்சத்துக்கும் அதிகமான மெஷின்கள் விற்றன. அமெரிக்க ஆர்கேட் வரலாற்றிலேயே மிக அதிகமாக விற்ற விளையாட்டுகளில் ஒன்று அது. அந்த மெஷினைத் திறந்தால் உள்ளே பழைய பேக்மேன் போர்ட் அப்படியே இருக்கும். அதன் மூளையான சிப்பைக் கழற்றிய இடத்தில் இந்த மாணவர்களின் சிறிய போர்ட் செருகப்பட்டிருக்கும்.

பின்னர் இதே கொம்பனி அடாரிக்காக 'அடாரி 7800' என்ற வீட்டு விளையாட்டுக் கருவியை வடிவமைத்தது. 1985இல் மெக்கின்டொஷ் கணினிக்குள் பொருத்தும் 10 மெகாபைட் ஹார்ட் டிஸ்க்கையும் கொண்டுவந்தது. ஹார்ட் டிஸ்க் இல்லாமல் வந்த அந்தக் கணினியைத் திறந்து, அதன் பிரதான சிப்பின் மேல் கவ்விப் பிடிக்குமாறு அதைப் பூட்டினார்கள். விடுதியில் கற்ற அதே வித்தைதான்.

இந்த வரலாற்றில் எமக்குப் பெரிதாகப் படுவது காசு சேர்ந்த கதையல்ல. ஒரே ஆண்டில் ஒரே ஆட்கள் ஒரே மாதிரியான இரண்டு போர்டுகளைச் செய்தார்கள். கேட்காமல் விற்றது நீதிமன்றத்தில் போய் நின்றது. கேட்டு விற்றது உலகம் முழுக்கப் போனது. திறமையில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை.

எமது ஊர்களிலும் போனைக் கழற்றிப் பூட்டும் கைகள் இருக்கின்றன. உடைந்த ரிமோட்டை வைத்து ஏதோ செய்து பார்க்கும் சின்னவர்களும் இருக்கிறார்கள். நாம் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கிறோம். "சாமானைப் பழுதாக்காதே" என்று ஏசுகிறோம். அல்லது அடுத்தவன் செய்த மென்பொருளை அப்படியே நகலெடுத்து விற்றாலும் "கெட்டிக்காரன்" என்று தட்டிக் கொடுக்கிறோம். இரண்டுமே பிள்ளைக்கு நல்லதல்ல.

அடுத்த முறை வீட்டில் ஒரு பிள்ளை எதையாவது கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தால், ஏசுவதற்கு முன் பக்கத்தில் இருந்து இரண்டு கேள்வி கேளுங்கள். இதில் நீ புதிதாக என்ன சேர்த்தாய்? இதைச் செய்தவரிடம் கேட்டாயா? இந்த இரண்டுக்கும் விடை சொல்லப் பழகிய பிள்ளை தன் கைத்தொழிலை எங்கே கொண்டுபோனாலும் தலை நிமிர்ந்து நிற்கும்.