குடத்து நீரும் ஊரின் காய்ச்சலும்

மலேரியாவுக்குத் தமிழில் முறைக்காய்ச்சல் என்றொரு பெயர் உண்டு. ஒருநாள் விட்டு ஒருநாள் நடுக்கத்தோடு வருவதை எண்ணிப் பார்த்தவர்கள் இட்ட பெயர். சிக்குன்குனியாவுக்கு அப்படிப் பெயரிட நமக்கு அவகாசம் வாய்க்கவில்லை. 2006இல் அது பரவியபோது 'சிக்கன் குனியா' என்று காதில் வாங்கிக்கொண்டு கோழிக்கறியை விலக்கியவர்கள் உண்டு. உண்மையில் அது கிழக்காப்பிரிக்காவின் மகோண்டே மொழிச் சொல். மூட்டுவலியால் உடல் வளைந்துபோவதைக் குறிப்பது. நம் 'குனி'யோடு அது ஒத்துவருவது தற்செயலே. ஆயினும் இத்தனை பொருத்தமான தற்செயலை நான் வேறெங்கும் கண்டதில்லை.

அந்நோய் நமக்குப் புதிதன்று. 1963இல் கல்கத்தாவிலும் 1964இல் சென்னையிலும் பரவி, 1973க்குப் பின் முப்பதாண்டுகளுக்கு மேல் மறைந்திருந்தது. மீண்டும் வந்தபோது சிற்றூர்களையும் விடவில்லை. வைரஸின் வகை மாறியிருந்தது மெய்தான், ஊர்களும் மாறியிருந்தன.

குடகனாற்றங்கரை வேடசந்தூர் மழை குறைந்த நிலம். இவ்வட்டாரத்தில் நூற்பாலைகள் எழுந்தன. வெளியூர்த் தொழிலாளர்க்கு விடுதிகளும் வாடகை வீடுகளும் பெருகின. ஊர் நகரமாகிய வேகத்தில் குழாய்நீர் பெருகவில்லை. ஆகவே வீடுதோறும் குடம், பிளாஸ்டிக் டிரம், சிமெண்டுத் தொட்டி. ஏடிஸ் கொசு சாக்கடையை நாடுவதில்லை. இந்த நல்ல தண்ணீரையே நாடும். முட்டை கொசுவாக, வெப்பக் காலத்தில் ஏழு முதல் பத்து நாட்கள் போதும். பத்து நாளுக்கொருமுறை குழாய் திறக்கும் தெருவில், அடுத்த முறை தண்ணீர் வருமுன் ஒரு தலைமுறை பறந்துவிடும். தொட்டி வறண்டாலும் முட்டைகள் மாதக்கணக்கில் உலர்ந்து கிடந்து, நீர் பட்டதும் பொரியும். வறட்சி இந்நோய்க்குத் தடையன்று என்பது பலருக்கும் வியப்பூட்டும்.

மலேரியாவும் இவ்வழியே நகரம் புகுந்தது. அனாபிலஸ் ஸ்டீபன்சி என்னும் கொசு சென்னையின் கிணறுகளிலும் மாடித் தொட்டிகளிலும் வளர்ந்தது. 1965இல் நாடு முழுதும் ஏறத்தாழ ஓர் இலட்சம் பேராகக் குறைந்திருந்த மலேரியா, 1976இல் 64 இலட்சத்தைத் தாண்டிற்று. நகரங்களுக்கென்றே 1971இல் ஒரு திட்டம் தொடங்க வேண்டியதாயிற்று. அதே கொசு 2012இல் ஆப்பிரிக்காவின் ஜிபூட்டியில் காணப்பட்டது. இன்று அக்கண்டத்தின் பிற நகரங்களிலும் பரவிவருகிறது.

கொசு வளரவிடுவது வீட்டுக்காரர் குற்றம் என்பது 1939ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டத்திலேயே உண்டு. 2017இல் டெங்கு பெருகியபோது, கொசுப்புழு கண்ட வீடுகளுக்கு அபராதம் விதித்தனர். தண்ணீர் ஏன் அங்கே தேங்கியது என்று கேட்கும் பிரிவு எதுவும் என் கண்ணில் படவில்லை. எனக்குத் தெரிந்த தெருவொன்றில், டிரம்மைக் கவிழ்க்கச் சொன்னார்கள். அவ்வீட்டு அம்மாள் கவிழ்க்கவில்லை. பழைய வேட்டியால் வாயைக் கட்டிவைத்தார். அடுத்த தண்ணீர் எட்டு நாள் கழித்துத்தான் வந்தது.