லெவிட்டவுன்

லெவிட்டவுன், அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், லாங் ஐலண்ட் தீவின் நாசோ கவுண்டியில் உள்ள புறநகர்க் குடியிருப்பு. உருளைக்கிழங்கு விளைந்த நிலங்களை வாங்கி, லெவிட் அண்ட் சன்ஸ் நிறுவனம் 1947 முதல் 1951 வரை இங்கே 17,447 வீடுகளைக் கட்டியது. போருக்குப் பிந்தைய அமெரிக்க நடுத்தரக் குடும்பத்தின் அன்றாட வாழ்க்கைக்கு அச்சு வார்த்துக் கொடுத்தது இந்த ஊர்தான்.

இரண்டாம் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பிய வீரர்கள் கல்யாணம் செய்துகொண்டார்கள். குடியிருக்க வீடுதான் கிடைக்கவில்லை. பலர் பெற்றோர் வீட்டிலும் ராணுவத் தகரக் கொட்டகைகளிலும் காலம் தள்ளினார்கள். 1944-இல் வந்த முன்னாள் படைவீரர் சட்டம் அவர்களின் வீட்டுக் கடனுக்கு அரசு உத்தரவாதம் தந்தது. கையில் முன்பணம் இல்லாதவரும் வீட்டுக்காரர் ஆக முடிந்தது.

கார்த் தொழிற்சாலையில் வண்டி நகரும், தொழிலாளி ஒரே இடத்தில் நிற்பார். லெவிட் அண்ட் சன்ஸை நடத்திய வில்லியம் லெவிட் இதைத் தலைகீழாக்கினார். வீடு கட்டும் வேலையை 27 படிகளாகப் பிரித்தார். தரைக்குக் கான்கிரீட் போடும் குழு அடுத்த மனைக்கு நகர, அளவாக அறுத்த மரத்தோடு அடுத்த குழு வந்து நிற்கும். நாளொன்றுக்கு 30 வீடுகள் வரை எழும்பின. நிலவறை கிடையாது, சூடேற்றும் குழாய்கள் தரைக்குள்ளேயே ஓடின. 1949-இல் வந்த வீட்டின் விலை 7,990 டாலர். துணி துவைக்கும் இயந்திரம் அதிலேயே அடக்கம். மறு ஆண்டு வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டியையும் பதித்தே கொடுத்தார்கள். மேல்தளத்தை மட்டும் முடிக்காமல் விட்டார்கள். பிள்ளைகள் பிறக்கப் பிறக்க, குடியிருந்தவர்களே அதை அறைகளாகத் தடுத்துக்கொண்டார்கள்.

கட்டுப்பாடுகளுக்கும் குறைவில்லை. வேலி போடக்கூடாது, வாரந்தோறும் புல் வெட்ட வேண்டும், சனி ஞாயிறுகளில் வெளியே துணி உலர்த்தக்கூடாது.

இவற்றைவிடக் கொடியது ஒன்று உண்டு. வெள்ளையர் அல்லாதவர், வீட்டு வேலையாட்களாக அன்றி, அங்கே குடியிருக்கக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தது. இத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றங்கள் நிறைவேற்றித் தரக்கூடாது என்று 1948-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நிறுவனம் எழுத்தை எடுத்தது, வழக்கத்தை விடவில்லை. அரசின் கடன் உத்தரவாத அமைப்பே அந்நாளில் இனப் பிரிவினையை ஊக்குவித்ததால் இது தனியார் ஒருவரின் பிழை மட்டுமல்ல. பென்சில்வேனியாவில் இதே நிறுவனம் கட்டிய இன்னொரு லெவிட்டவுனில், 1957-இல் ஒரு கறுப்பினக் குடும்பம் முந்தைய உரிமையாளரிடமிருந்து வீடு வாங்கிக் குடியேறியது. கூட்டம் கூடிக் கல்லெறிந்தது. குடும்பம் அசையவில்லை. வீடு விற்பதில் இனப்பாகுபாட்டைத் தடைசெய்யும் கூட்டாட்சிச் சட்டம் 1968-இல்தான் நிறைவேறியது.