கல்லறையிலும் நிறம்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலம், லங்காஸ்டர் கவுண்டி. 1868-இல் அங்கே இரண்டு அரசியல்வாதிகள் புதைக்கப்பட்டார்கள். ஜூனில் இறந்த முன்னாள் குடியரசுத் தலைவர் ஜேம்ஸ் புக்கானன், உட்வர்ட் ஹில் கல்லறைத் தோட்டத்தில். கறுப்பர்கள் குடிமக்களே அல்ல என்ற 1857 டிரெட் ஸ்காட் தீர்ப்பை ஆதரித்தவர் அவர்.

ஆகஸ்டில் இறந்தவர் தாடியஸ் ஸ்டீவன்ஸ். அடிமைமுறையை விடாமல் எதிர்த்த வெள்ளையர். அந்தத் தீர்ப்பைச் செல்லாததாக்கிய 14ஆவது திருத்தத்துக்குப் பாடுபட்டவர். அது நிறைவேறிய அடுத்த மாதமே இறந்தார்.

ஊர்ச் சுடுகாடு, சேரிச் சுடுகாடு என்று பிரித்து வைத்திருக்கும் மண்ணில் வாழும் நாம் அவருடைய கல்லறையைத்தான் கவனிக்க வேண்டும். ஊரின் மற்ற கல்லறைகள் விதி போட்டுக் கறுப்பரை ஒதுக்கின. அதனாலேயே நிறம் பார்க்காத ஷ்ரைனர் என்ற சிறு கல்லறையைத் தேர்ந்தெடுத்தார். தனிமையை விரும்பி அங்கே வரவில்லை என்பதையும், வந்த காரணத்தையும் தன் கல்லிலேயே பொறிக்க வைத்தார்.